எழுவாய் யார்? தொகுதி நிதி என்னும் பிரதியை மூலக்கொத்தளத்திலிருந்து வாசித்தல்

1

ஒரு மழை நாளில் எங்க ஆயாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். நிழற்குடைக்குள் நின்றும் நனைந்துகொண்டுதான் இருந்தோம். மேலே தகரம் விட்டுப்போயிருந்தது. ஒழுகுகிற இடத்தை விட்டு ஆயாவை நகர்த்தி நிறுத்திவிட்டு, ‘இதைக் கட்டினவனைப் புடிச்சுக் கேக்கணும்’ என்றேன். ஆயா என்னைத்தான் திட்டியது. ‘அந்த மனுசன் தன் காசைப் போட்டுக் கட்டிக் குடுத்துக்கீறாரு. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கறியே, நீயெல்லாம் இன்னா படிச்ச?’

நான் படித்தது எம்.ஏ. தமிழ். அந்தப் படிப்பால் வந்த வியாதி ஒன்று உண்டு. எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் எழுவாய் எது, பயனிலை எது என்று தேடத் தோன்றும். நிழற்குடையின் பலகையை அப்போதுதான் முழுசாக வாசித்தேன். சட்டமன்ற உறுப்பினர் பெயர் ஒரு முழ நீள எழுத்தில். அவருடைய தலைவர் படம், அவருக்கும் தலைவர் படம். ‘தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து’ என்பது அதற்குக் கீழே. நிறுத்தத்தின் பெயர் அதற்கும் கீழே, ஓரத்தில். எவ்வளவு செலவு, யார் கட்டியது, எப்போது கட்டியது, கூரை எத்தனை வருசத்துக்குத் தாங்கும் என்பதெல்லாம் எங்கும் இல்லை.

ஆயா சொன்னதில் தப்பில்லை. அதற்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தப் பலகையை யார் எப்படி வாசிக்க வேண்டும் என்று எழுதியவர்கள் நினைத்தார்களோ, அப்படியேதான் வாசித்திருக்கிறது. கொடுத்தவர் ஒருவர், வாங்கினவர்கள் நாம். தானமாக வந்ததில் ஒழுகல் பற்றிப் பேசக்கூடாது. தோழர்களே, இந்தக் கட்டுரை அந்தப் பலகையைப் பற்றிய விமர்சனம். புத்தகத்துக்கு மட்டும்தான் விமர்சனம் எழுத வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. நம் சனங்கள் தினமும் வாசிக்கிற பிரதி இதுதான்.

2

எங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே வால்டாக்ஸ் சாலை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பியது. மதிலுக்கு ஆன செலவை நகரத்தில் இருந்தவர்களிடம் வரியாகப் பிடிக்கப் பார்த்தது. சனங்கள் எதிர்த்தார்கள், வரி வசூலாகவில்லை என்று நகர வரலாறு சொல்கிறது. மதில் போய்விட்டது, வரியின் பெயர் மட்டும் தெருவுக்கு நின்றுவிட்டது. கொத்தளம் என்ற சொல்லும் கோட்டை மதிலைச் சேர்ந்ததுதான். ஆக நாங்கள் குடியிருக்கிற இடத்தின் பெயரிலேயே ‘பொதுக் கட்டுமானத்துக்குக் காசு யாருடையது’ என்கிற பழைய தகராறு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தகராறைப் புத்தகமாக எழுதியவர் அம்பேத்கர். 1915இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றியது. கம்பெனி போன பிறகும் அதன் கடன் இந்திய மக்கள் தலையிலேயே ஏற்றப்பட்டதை அதில் கண்டிக்கிறார். அடுத்து மாகாண நிதி பற்றிய ஆய்வு 1925இல் புத்தகமாக வந்தது. பிறகு அரசியல் நிர்ணய சபையில் 1949இல், தணிக்கைத் தலைவர் பதவிதான் அநேகமாக இந்த அரசியல் சட்டத்திலேயே முக்கியமான பதவி என்று பேசினார். அம்பேத்கரைச் சிலையாக நிறுத்துகிறவர்கள் கணக்குப் புத்தகம் பார்த்த அம்பேத்கரைப் பற்றிப் பேசுவதில்லை. நாமும் அதிகம் பேசவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கவிதை எழுதினோம், தன்வரலாறு எழுதினோம், கட்டுடைத்தோம். வரவு செலவை வாசிக்கிற வேலையை அதிகாரிகளிடமே விட்டுவிட்டோம்.

3

முதலில் பிரதியின் இலக்கணம்.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993 டிசம்பரில் நரசிம்மராவ் ஆட்சியில் வந்தது. முதல் வருசம் உறுப்பினருக்கு ரூ. 5 லட்சம். 1994-95இல் ரூ. 1 கோடி, 1998-99இல் ரூ. 2 கோடி, 2011-12 முதல் ரூ. 5 கோடி. தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1997-98இல் தொடங்கியது. அது ஏறி ஏறி தொகுதிக்கு ரூ. 3 கோடியில் வந்து நின்றது. 234 தொகுதிக்கும் கூட்டினால் வருசத்துக்கு ரூ. 702 கோடி. சென்னை போன்ற ஊரில் கவுன்சிலருக்கும் வார்டு நிதி உண்டு, மேயருக்கும் தனி நிதி உண்டு.

நாடாளுமன்றத் திட்டத்தின் வழிகாட்டி நெறிமுறைகளை எடுத்து வாசியுங்கள். அதில் உறுப்பினருக்குரிய வினைச்சொல் ஒன்றே ஒன்றுதான்: பரிந்துரைக்கிறார். அனுமதிப்பது மாவட்ட நிர்வாகம். செய்வது அரசுத் துறையோ உள்ளாட்சி அமைப்போ. பணம் அரசுக் கருவூலத்திலிருந்து. உறுப்பினர் கைக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை. இதே பிரதி தெருவுக்கு வந்து பலகையில் ஏறும்போது வினை மாறிவிடுகிறது. பரிந்துரைத்தார் என்பது ஒதுக்கினார் ஆகி, வழங்கினார் ஆகி, மேடைப் பேச்சில் ‘என் சொந்த நிதியிலிருந்து குடுத்தேன்’ ஆகிவிடுகிறது. வினைமுதல் மாறியதும் நாமும் மாறிவிடுகிறோம். வரி கட்டியவர்களாக இருந்த நாம் பயனாளிகள் ஆகிறோம். பயனாளி என்பதுதான் எவ்வளவு அழகான சொல்! கை நீட்டினவன் என்பதற்கு அரசாங்கத் தமிழ்.

‘நீங்க எங்க வரி கட்டினீங்க?’ என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. வருமான வரி கட்டுகிறவன் மட்டும்தான் வரி கட்டுகிறவன் என்பது இவர்களுடைய பொதுப்புத்தி. எங்கள் சனங்கள் வாங்குகிற சோப்பில், தீப்பெட்டியில், பீடியில், செருப்பில், செல்போன் ரீசார்ஜில் எல்லாம் வரி பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுக்கிறார்கள். சம்பளம் குறைந்தவனுக்கு அவன் சம்பாத்தியத்தில் இந்த வரியின் பங்கு அதிகம். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன், மீன் கூடை சுமந்தவள், சாக்கடை அள்ளினவன் எல்லாரும் அந்த நிழற்குடைக்குக் காசு போட்டவர்கள். பலகையில் அவர்கள் பெயர் இல்லை.

நெறிமுறையில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இந்த நிதியில் கட்டுகிற எதற்கும் எவர் பெயரையும் சூட்டக்கூடாது என்று ஒரு விதி. அதே நெறிமுறையில், வேலை நடந்த இடத்தில் நிரந்தரமான கல்லோ உலோகமோ பதித்து, செலவு, தொடங்கிய நாள், முடிந்த நாள், திறந்த நாள், உறுப்பினர் பெயர் எல்லாம் பொறிக்க வேண்டும் என்றும் ஒரு விதி. கணக்கு சொல்லத்தான் கல். நடைமுறையில் கணக்கு உதிர்ந்துபோய் பெயர் மட்டும் தங்கிவிடுகிறது.

கல்வெட்டு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. முதலாம் இராசராசன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி முன்னால் வரும். மன்னன் எங்கெங்கே வென்றான் என்று நீட்டி முழக்கிவிட்டுப் பிறகுதான் யாருக்கு என்ன நிலம், எவ்வளவு நெல் என்கிற சமாச்சாரம் வரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கல்வெட்டில் மெய்க்கீர்த்திக்குப் பிறகு கணக்கு இருக்கிறது. எல்லை இருக்கிறது, அளவு இருக்கிறது. எங்கள் நிழற்குடையில் மெய்க்கீர்த்தியோடு கல்வெட்டு முடிந்துவிடுகிறது.

4

1993ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஜூலையில் சிறுபான்மை அரசாக இருந்த நரசிம்மராவ் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலிருந்து மயிரிழையில் தப்பியது. டிசம்பரில் எல்லா உறுப்பினருக்கும் தொகுதி நிதி வந்தது. அதே 1993இல்தான் பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் அதிகாரம் தருகிற 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. கிராமத்துக்கு ரோடும் வார்டுக்குக் குழாயும் எங்கே போடுவது என்று அங்கிருக்கிற மக்களே முடிவு பண்ணட்டும் என்று ஒரு கையால் சட்டம். அதே ரோட்டையும் குழாயையும் டெல்லியில் உட்கார்ந்திருக்கிறவர் பரிந்துரைக்கட்டும் என்று மறு கையால் நிதி.

தமிழ்நாட்டில் இந்த முரண்பாட்டின் விலையை யார் கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியும். புதிய சட்டப்படி 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மேலவளவு பஞ்சாயத்து தனியாக ஒதுக்கப்பட்டது. தலைவராக வந்த முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு பறையன் நாற்காலியில் உட்கார்ந்தான் என்பது மட்டுமல்ல அங்கே பிரச்சினை. நாற்காலிக்கு முன்னால் மேசை இருக்கிறது. மேசையில் ஊர்ப் பொதுச் சொத்தின் ஏலமும் கணக்கும் காசோலையும் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடுகிற கை யாருடையது என்பதுதான் சண்டை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை அந்த நாற்காலியில் யாரையும் நிலையாக உட்கார விடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஒரு தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார்.

முருகேசன் கொலையான அதே 1997-98 நிதியாண்டில்தான் சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தொகுதி நிதி வந்தது. அதை எதிர்த்து எந்த ஊரிலும் யாரும் அரிவாள் எடுக்கவில்லை. காரணம் எளிமையானது. பஞ்சாயத்து நிதி நாற்காலியோடு வருகிறது. சுழற்சி வந்தால் நாற்காலி நம்மிடம் வந்துவிடும். தொகுதி நிதிக்குச் சேரிக்காரன் கையெழுத்து தேவையில்லை. சேரிக்காரன் மனு மட்டும் எழுதினால் போதும். ஒரே பொதுப்பணம், ஒரு வழியாக வந்தால் உரிமை, இன்னொரு வழியாக வந்தால் உபகாரம். சாதி சமூகத்துக்கு எந்த வழி வசதி என்று நான் சொல்லத் தேவையில்லை.

நகரத்தில் அரிவாள் இல்லை, ஆனால் நாற்காலியையே எடுத்துவிட முடியும். 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை ஐந்து வருசத்துக்கு மேல் சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. இருநூறு வார்டுக்கும் கவுன்சிலர் கிடையாது. குழாயில் சாக்கடை கலந்து வந்தால் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. அந்த ஐந்து வருசமும் தேர்ந்தெடுத்த முகமாக நம் தெருவில் தெரிந்தது எம்.எல்.ஏ., எம்.பி. நிதிப் பலகைகள்தான்.

5

‘ஒதுக்கீடு இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. நாடாளுமன்ற நிதியில் 15 சதம் பட்டியல் சாதியினர் வசிக்கிற பகுதிக்கும், 7.5 சதம் பழங்குடியினர் வசிக்கிற பகுதிக்கும் என்று நெறிமுறை சொல்கிறது. பல மாநிலங்களில் அந்த அளவுகூட எட்டப்படவில்லை என்று தணிக்கைத் துறை திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. செலவாகாமல் தேங்கிய பணம், செய்யக்கூடாத வேலை, பாதியில் நின்ற வேலை என்று 1998, 2001, 2010-11 அறிக்கைகளில் வந்த குற்றங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்.

ஆனால் எட்டப்பட்டிருந்தால்? இங்கேயும் சொல்லைப் பார்க்க வேண்டும். ‘பட்டியல் சாதியினருக்கு’ என்று இல்லை, ‘பட்டியல் சாதியினர் வசிக்கும் பகுதிக்கு’ என்று இருக்கிறது. எழுவாயில் மனுசனை எடுத்துவிட்டு நிலத்தை வைத்திருக்கிறார்கள். மேல ஊருக்குப் போகிற ரோடு சேரி ஓரமாகப் போனால் அதைச் சேரிக் கணக்கில் எழுத இந்தச் சொல் இடம் தருகிறது. வட சென்னை மாதிரி எல்லாரும் நெருக்கியடித்துக் கிடக்கிற இடத்தில் எது யார் பகுதி என்று பிரிப்பது எழுதுகிறவர் பேனாவில் இருக்கிறது.

இந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1932 செப்டம்பர் 24இல் எழுதிய பூனா ஒப்பந்தத்தின் கடைசி விதி, ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கான மானியத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குப் போதுமான தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும் என்கிறது. தனித்தொகுதி பற்றியே பேசிப் பேசி இந்த விதியை மறந்துபோனோம். அதில் சென்னை மாகாணத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா இருவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதே இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டசபையில், பொதுத் தெருவும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். ஆனால் பொதுக் கிணற்றில் நம்மை இறங்கவிடச் சாதி இந்துக்கள் தயாராக இல்லை. லேபர் டிபார்ட்மெண்ட் வந்து நமக்குத் தனிக் கிணறு வெட்டிக் கொடுத்தது. தண்ணீர் கிடைத்தது உண்மை. பொதுக் கிணறு பொது ஆகவில்லை என்பதும் உண்மை. ஒதுக்கீட்டுப் பணம் உரிமையைத் தருவதற்குப் பதிலாக உரிமைக்கு ஈடாகத் தரப்பட்டுவிடும் ஆபத்தை அந்தக் கிணற்றிலிருந்தே நாம் பார்க்கிறோம்.

1980ஐ ஒட்டி சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. பி.எஸ். கிருஷ்ணன் போன்ற அதிகாரிகள் அதற்காகப் பாடுபட்டார்கள். மக்கள்தொகையில் நாம் எத்தனை சதமோ திட்டச் செலவிலும் அத்தனை சதம் நமக்கு நேராக வர வேண்டும் என்பது அதன் சாரம். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதம். அந்தப் பங்கு எங்கே போகிறது என்பதற்கு டெல்லி உதாரணம் போதும். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக இந்தத் துணைத் திட்டத்திலிருந்து எழுநூறு கோடிக்கு மேல் திருப்பப்பட்டது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளியில் வந்தது. கர்நாடகத்தில் இந்தப் பணத்தைக் காக்க 2013இலேயே சட்டம் போட்டார்கள். 2023இல் அங்கேயே 11,000 கோடிக்கு மேல் பொதுவான உத்தரவாதத் திட்டங்களுக்குப் போனது. எல்லாருக்கும் பஸ் இலவசம் என்றால் அதில் ஏறுகிற நம் பெண்களின் டிக்கெட்டை நம் பங்கிலிருந்து கழித்துக்கொள்கிறார்கள். ஊரோடு சேர்ந்து பஸ்ஸில் ஏறினாலும் செலவுக் கணக்கில் மட்டும் நாம் தனி. தமிழ்நாட்டில் 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கு ஒரு சட்டம் வந்தது. அதை வரவேற்கிறேன். சட்டம் வந்ததும் பணம் நின்றுவிடும் என்று நம்பத் தேவையில்லை என்பதற்குக் கர்நாடகம் சாட்சி.

6

இனி மூலக்கொத்தளத்துக்கே வருகிறேன். வெளியூர்த் தோழர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்தால் அது இடுகாட்டினால்தான் தெரியும். 1939 ஜனவரி 15இல் சிறைவாசத்தின்போது இறந்த நடராசன் இங்கேதான் புதைக்கப்பட்டார். இந்தி எதிர்ப்பில் முதலில் உயிர் விட்டவர் ஒரு தலித் இளைஞர். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றபோது மறுத்தவர். இரண்டு மாதத்தில் தாளமுத்துவும் இங்கேயே வந்தார். பின்னாளில் மருத்துவர் தருமாம்பாளும் இங்கேதான் அடக்கமானார். எழும்பூரில் அரசுக் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் பெயர் இருக்கிறது. ஜனவரி 25 வந்தால் மாலைகள் வரும். கல்லறையைப் புதுப்பிக்கவும் செய்தார்கள்.

2017, 2018 வாக்கில் இந்த இடுகாட்டு நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக் குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிறது என்றதும் தமிழ் இயக்கங்கள் எதிர்த்தன. மொழிப்போர்த் தியாகிகள் உறங்குகிற மண் என்றார்கள். நியாயம். அரசு தரப்பில் ஏழைகளுக்கு வீடு வேண்டாமா என்றார்கள். அதுவும் நியாயம் மாதிரிதான் தெரிந்தது. இரண்டு பக்கமும் பேசாத கேள்வி ஒன்று இருந்தது. இந்த மாநகரத்தில் இத்தனை பூங்கா, கிளப், மைதானம், ஆக்கிரமித்த ஏரி எல்லாம் இருக்க, எங்கள் வீட்டுக்கு நிலம் தேடும்போது மட்டும் உங்கள் கண் ஏன் நேராகச் சுடுகாட்டுக்குப் போகிறது? வீடு கேட்டவன் பிணத்தோடு போட்டி போட வேண்டும். பிணமும் எங்களுடையது, வீடும் எங்களுடையது. ஒரே தட்டில் இரண்டையும் போட்டுவிட்டு எங்களையே ஆளுக்கொரு பக்கம் நிற்க வைத்தார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் நிலத்தை அளந்து வரி போடும்போது எதையெல்லாம் கழிக்க வேண்டும் என்று பட்டியல் வரும். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. ஆயிரம் வருசத்துக்கு முந்தைய அந்தக் கணக்கில் சேரியும் சுடுகாடும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. மூலக்கொத்தளம் திட்டத்தை வாசித்தபோது எனக்கு அந்தப் பட்டியல்தான் ஞாபகம் வந்தது.

கட்டிக் கொடுக்கிற வீடு எப்படியிருக்கும் என்பதற்கும் வட சென்னையில் சாட்சி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்காவில் புத்தம் புதிய அடுக்குமாடியின் சுவர் விரலால் தொட்டால் உதிர்ந்தது. சட்டமன்றத்தில் பேசினார்கள், ஐ.ஐ.டி. வந்து ஆராய்ந்தது. அதே வருசம் டிசம்பர் 27இல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் இருபத்தெட்டு வருசம் ஆன குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் பிழைத்தார்கள். அது கட்டப்பட்ட வருசம் 1993. தொகுதி நிதிக்கும் அதே வயசு.

இவை தொகுதி நிதியில் கட்டியவை அல்ல, வாரியப் பணத்தில் கட்டியவை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சனங்கள் இரண்டையும் வாங்கிக்கொள்கிற மனசு ஒன்றேதான். உதிர்கிற சுவரைப் பார்த்து ‘குடுத்ததே பெருசு’ என்று சொல்ல வைப்பது எங்க ஆயாவின் நிழற்குடை வாக்கியம்தான்.

இன்னொன்று. தொகுதி நிதி நீடித்து நிற்கிற சொத்துக்கு மட்டும்தான் என்பது நாடாளுமன்றத் திட்டத்தின் அடிப்படை விதி. கட்டடம் கட்டலாம். அதில் வேலை செய்கிறவருக்குச் சம்பளம் தர முடியாது. சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர், விளக்கு, தகன மேடை எல்லாம் வரும். அங்கே குழி வெட்டுகிறவர், எரிக்கிறவர் நிரந்தர வேலைக்காரரா, அவருக்கு கையுறை உண்டா, அவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்பது சொத்து இல்லை. பொதுக் கழிப்பறை வரும், கழுவுகிறவர் கணக்கில் வரமாட்டார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த முதல் சட்டமும் அதே 1993இல் வந்ததுதான். கல்லுக்குப் பணம் இருக்கிறது, ரிப்பன் வெட்டக் கல்தான் வசதி.

7

ராயபுரத்தில் ஒரு சின்னக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினேன். முடிந்ததும் ஒரு அக்கா எழுந்து கேட்டது: ‘தம்பி, நீ நல்லாத்தான் பேசற. அந்தக் கக்கூசு அந்த நிதிலதான் வந்துச்சு. அது வரதுக்கு முன்னாடி நாங்க ராத்திரி ஆவட்டும்னு காத்துனு இருப்போம். அதையும் வேணாம்னு சொல்றியா?’

இந்தக் கேள்விக்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. அக்கா சொல்வது சரி. இந்த நிதியை ஒழிக்க வேண்டும் என்று 2002இல் அரசியல் சட்ட மறுஆய்வு ஆணையமும், 2007இல் இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் சொல்லிவிட்டன. 2005 டிசம்பரில் இந்த நிதிக்குக் கமிஷன் பேசியதாக உறுப்பினர்களைத் தொலைக்காட்சி காட்டியபோது நாடே ஒழிக்கச் சொன்னது. ஆனால் ஒழித்தால் அந்தப் பணம் வார்டுக்கு வருமா, துறைக்குப் போய் மேம்பாலமாக மாறுமா? 2020 ஏப்ரலில் கொரோனாவைச் சொல்லி நாடாளுமன்ற நிதியை இரண்டு வருசத்துக்கு நிறுத்தினார்கள், ரூ. 7,900 கோடி மத்திய அரசின் பொது நிதிக்கே போனது. 2021 நவம்பரில் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் நம் தெருவுக்கு வேறு வழியில் எதுவும் அதிகமாக வந்ததாக நான் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் நிரூபணமானது. அது அவர் சொந்தக் காசாக இருந்திருந்தால் ஒரு மந்திரிசபை முடிவில் எடுத்திருக்க முடியாது.

2010 மே 6இல் உச்ச நீதிமன்ற அரசியல் சட்ட அமர்வு இந்தத் திட்டம் செல்லும் என்றது. அமர்வின் தலைவர் முதல் தலித் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன். தீர்ப்பை எழுதியவர் நம் ஊர் ப. சதாசிவம். அதிகாரப் பிரிவினை கெடவில்லையா என்ற கேள்விக்கு நீதிமன்றம் காட்டிய காரணங்களில் ஒன்று, உறுப்பினர் பரிந்துரைதான் செய்கிறார், நிறைவேற்றுவது நிர்வாகம் என்பது. தோழர்களே, நம் கையில் இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. ‘பரிந்துரைக்கிறார்’ என்பதால்தான் இந்தத் திட்டத்துக்கு உயிரே இருக்கிறது. அப்படியானால் ‘வழங்கினார்’ என்று எழுதியிருக்கிற ஒவ்வொரு பலகையும் பொய். அந்தப் பொய்யைத்தான் நாம் உடைக்க வேண்டும், கக்கூசை அல்ல.

தலித் ஒருவர் நாற்காலிக்கு வந்தால் மாறிவிடுமா என்றும் கேட்டார்கள். 2022இல் சென்னை மேயர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, வட சென்னையிலிருந்தே ஒருவர் வந்தார். அது சின்ன விசயமல்ல. ஆனால் பலகையின் இலக்கணம் அப்படியே இருந்தால் வழங்கினார் என்பதற்கு முன்னால் நம் ஆள் பெயர் வரும், அவ்வளவுதான். வழங்கப்படுகிறவர்களாக நாம் அப்படியேதான் இருப்போம்.

நான் ஒரு முறை இந்தக் கணக்கைக் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை, எல்லா அலுவலகமும் அதுதான். ‘எந்த நிதிப்பா? எம்.பி. நிதியா, எம்.எல்.ஏ. நிதியா, கவுன்சிலர் நிதியா?’ என்றார் அங்கே இருந்தவர். ‘சனங்க நிதி சார்’ என்றேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்துவிட்டு, ‘அப்படி ஒரு தலைப்பு இல்லியே’ என்றார்.

அந்தத் தலைப்பைத் திறக்க வைப்பதுதான் வேலை. 2022 நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபா முதன்முதலாகக் கூடியது. கிராம சபைக்கு இணையாக நகரத்துக்குக் கிடைத்த இடம் அது. முதலமைச்சர் கலந்துகொண்டார், படம் வந்தது. எத்தனை தோழர்களுக்குத் தங்கள் பகுதி சபா எங்கே கூடுகிறது என்று தெரியும்? எந்த உறுப்பினரின் பரிந்துரையும் அந்தச் சபையில் வாசிக்கப்பட்டு, அங்கே கேள்வி கேட்கப்பட்டு, பிறகுதான் மாவட்ட ஆட்சியருக்கோ ஆணையருக்கோ போக வேண்டும் என்று கேட்போம். பட்டியல் சாதியினர் பங்கு என்று எழுதுகிற ஒவ்வொரு வேலையும் எந்தத் தெரு, எத்தனை வீடு என்று சபையில் சொல்லப்பட வேண்டும். வேலை முடிந்ததும் கணக்கை அதே சபையில் படிக்க வேண்டும், அதிகாரியின் தமிழில் அல்ல, நம்ம தமிழில்.

இலக்கியவாதிகளுக்கும் மாணவர்களுக்கும் தனியாக ஒரு வேலை இருக்கிறது. கல்வெட்டுப் படியெடுக்கப் பல்கலைக்கழகங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சோழனுடைய கல்வெட்டைப் படியெடுத்தது போதும். உங்கள் தெருவில் இருக்கிற நிழற்குடை, தண்ணித் தொட்டி, கழிப்பறை, ரேஷன் கடை, சுடுகாட்டுச் சுவர் எல்லாவற்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே, எழுத்துப் பிழையோடு, படியெடுங்கள். தொகை இருக்கிறதா, தேதி இருக்கிறதா, வினைச்சொல் என்ன என்று பக்கத்தில் குறியுங்கள். கட்டடம் இப்போது எப்படியிருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். அந்தத் தொகுப்பு நம் காலத்தின் மெய்க்கீர்த்தித் தொகுப்பாக இருக்கும். பகுதி சபாவில் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கலாம்.

மூலக்கொத்தளத்தில் நான் ஆரம்பித்துவிட்டேன். முதல் படி அந்த நிழற்குடைதான். ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, ‘அப்ப நம்ம துட்டா அது?’ என்றது. ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, ‘அப்ப அந்தத் தகரத்தை எப்ப மாத்துவாங்கன்னு போய்க் கேளு’ என்றது. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.